காற்புள்ளி

கிரிம்ஸ்பியில், மீன் ஏலக் கூடத்தின் பின்தெருவில்,
பித்தளைப் பலகைகளில் எழுத்து வெட்டும் கடையொன்றில்
சனிக்கிழமைகளில் எனக்கு வேலை:
துலக்குவது, பித்தளைத் தூளை ஊதித் தள்ளுவது,
தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவது.

அந்த ஊரில் வாலில்லாத பெயர் கிடையாது.
நோரிஸ் என்றால் போதாது.
நோரிஸ், ஹூ... என்று இழுத்து,
அப்பனின் படகைச் சீட்டாட்டத்தில் விட்டவன்.
வினிஃப்ரெட், ஹூ...
வாடகை கேட்டு வந்தவனை ஹேடக் மீனால் அறைந்தவள்.
அறைந்தது ஒரே ஒரு தடவை, ஏதோ ஒரு ஈஸ்டருக்கு முந்தின வெள்ளி.
மீனை அன்றைக்கே பொரித்துத் தின்றிருப்பார்கள்.
வால் இன்னும் ஆடுகிறது.

ஹூ என்றால் யார்.
கேள்விச் சொல்லையே ஆணியாக அடித்து
ஆளையும் அவன் செய்ததையும் சேர்த்துவிடுகிறார்கள்.
முதலில் ஆள் வந்து நிற்கிறான், வெறுங்கையோடு.
ஒரு கணம் அவன் எவனாகவும் இருக்கலாம்.
பிறகுதான் செய்தது வந்து தோளில் ஏறுகிறது.
என் மொழியில் அந்த ஒரு கணம் இல்லை.
'படகைத் தோற்ற' என்று வினை முன்னால் நடந்துவிடும்.
நோரிஸ் தன் பெயருக்கு வந்து சேர்வதற்குள்
தெருவே எட்டிப் பார்த்தாயிற்று.

நவம்பரில் மேவிஸ் டன்னட் வந்தாள்.
நனைந்த கோட்டு. கரண்டு பில் உறையின் முதுகில்
பென்சிலில் ஒரு வரி,
கடற்சுவரை ஒட்டிப் போடப்போகும் பெஞ்சுக்கு:
என் மகனுக்கு எவன் வீடு திரும்பவில்லையோ
கீழே படகின் பெயரும் ஆண்டும்.

அக்ரில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மகனுக்குப் பின்னால ஒரு காற்புள்ளி வரணும், மேவிஸ்."
"வேண்டாம்."
"புள்ளிக்கெல்லாம் நான் காசு வாங்குறதில்ல."
"காசுக்காக இல்ல, டெஸ்மண்ட். எனக்கு ரெண்டு பேர்."

ஹீட்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

காற்புள்ளி போட்டால்
இருந்ததே ஒரு மகன், அவன் திரும்பவில்லை.
போடாவிட்டால்
இருந்தவர்களில் திரும்பாதவன் இவன்.
வெட்டாமல் விட்ட எள்ளளவு பித்தளையில்
இன்னொருவன் நின்றுகொண்டிருக்கிறான்.

'வீடு திரும்பாத என் மகனுக்கு.'
உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
ஒருவனா இருவரா என்று
தமிழ் வாய் திறக்கவில்லை.

ரோலண்ட், ஹூ...
பல்வலியென்று அன்றைக்குப் படகேறாதவன்.
அவன் இடத்தில் தம்பி போனான்.
இவன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு
வீங்கிய கன்னத்தோடு அன்று மாலையே வீடு திரும்பினான்.
அந்த வாலை இழுத்துக்கொண்டு இந்தத் தெருக்களில் நடக்க முடியாமல்
டான்காஸ்டருக்குப் போய்விட்டான்.
கடிதம் இல்லை, போன் இல்லை.

பெஞ்சு வந்தது. அடுத்த மார்ச்சில்
பலகை துலக்கப் போனவன் பார்த்தேன்:
மகனுக்குப் பின்னால்
சாவி முனையால் கீறிய ஒரு காற்புள்ளி.
கோணல். எங்கள் எழுத்தைவிட ஆழம்.
தன்னைத் தானே அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

மேவிஸ் அன்றைக்கே கடைக்கு வந்தாள்.
"அடைச்சுடு" என்றாள். காசை எண்ணி வைத்தாள்.
அக்ரில் ஈயம் உருக்கி ஊற்றி, ராவி, சமப்படுத்தினார்.
மறு மார்ச்சில் மறுபடி கீறல். மறுபடி ஈயம்.
அதற்கடுத்த மார்ச்சிலும்.
தாயும் மகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்,
அதற்குள் அந்த இடம் மட்டும்
நாணயம்போல் பளபளக்கத் தொடங்கியிருந்தது.

நாலாம் வருஷம் மார்ச் முழுக்க மழை.
நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.
அவள் கடை வாசலில் நின்றிருந்தாள்,
கையில் பர்ஸ் திறந்தபடி.

"ஒண்ணும் இல்ல" என்றேன், நல்ல சேதிபோல.

அவள் பர்ஸை மூடவில்லை.

"சரியாப் பாத்தியா?" என்றாள்.
"திரும்பப் போய்ப் பார்."